வெயில் பக்கத்துச் சக்கரம்

லாரியை எங்கே நிறுத்தினாலும் ரெய்லீன் நோஸ்கி முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கதவைச் சாத்துவாள். வலது கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவாள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுக் குடத்திலும், உள்ளே பேரிங் சூடேறியிருக்கிறதா என்று, புறங்கையை ஒரு கணம் வைத்து எடுப்பாள், காய்ச்சல் கண்ட பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது போல. உள்ளங்கையால் தொடுவதில்லை. உள்ளங்கை காய்த்துப்போனது, அது பொய் சொல்லும் என்பாள். முன்சக்கரத்தில் தொடங்கி டிரெய்லரின் கடைசிச் சக்கரம்வரை போய், மறுபக்கமாகத் திரும்பி வந்து, கையுறையை மாட்டிக்கொண்ட பிறகுதான் தண்ணீர்ப் புட்டியைத் தேடுவாள்.

வெரிங்கா ஊரில் இதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. அதிலும் ஆல்வின் ஜாஷ்கே. எழுபதைத் தாண்டியவர், நாற்பது வருஷம் கோதுமை லாரி ஓட்டி ஓய்ந்தவர். தானியம் கொட்டி வைக்கும் சைலோ வாசலில் வரிசையாக லாரிகள் நிற்கும்போது சும்மா பேச்சுக்கென்று தன் பழைய வெள்ளை யூட்டில், பின்னால் திறந்த தட்டு வைத்த வண்டியில், வந்து நிற்பார்.

"என்ன கண்ணு, சக்கரத்துக்குச் சினை பாக்கிறியா? எத்தனை குட்டி போடும்?"

"உங்க வாய்க்கும் ஒரு குடம் இருந்தா அதையும் தொட்டுப் பாத்திருப்பேன் ஆல்வின். ஓயாம ஓடுது, சூடேறியிருக்கும்."

லாரி அவளுடையதல்ல, கணவன் ரோலண்டுடையது. டாக்டர்கள் முதுகில் கத்தி வைத்த பிறகு அவனால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. அதுவரை அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருந்தாள். இயந்திரத்திலிருந்து வரும் படுக்கை விரிப்புகளின் ஈரத்தையும் சூட்டையும் புறங்கையால் பார்த்துப் பழகியவள். ரோலண்டுக்கு எஞ்சின் சத்தத்தை வைத்தே எல்லாம் தெரியும். அவளுக்கு அந்தக் காது இல்லை. கைதான் இருந்தது, அதைக் கொண்டுவந்து வைத்தாள். முதல் அறுவடையில் அவள் கியர் மாற்றிய சத்தத்துக்கு ஆல்வின் காதைப் பொத்திக் காட்டினார். அதை ஊர் மறந்துவிட்டது. அவள் மறக்கவில்லை.

அங்கே டிசம்பர்தான் கோடை. அந்த டிசம்பர் காலையில் வடக்குக் காற்று எழுந்திருந்தது. வடக்குக் காற்று என்றால் பாலைவனத்தின் மூச்சு. அறுவடை எந்திரம் போன தடத்தில் வைக்கோல் துரும்புகள் தாமாகவே எழுந்து நடந்தன. வெயிலும் காற்றும் ஒரு குறியைத் தாண்டினால் அந்த வட்டாரத்தில் எல்லோரும் எந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். தாளில் எழுதிய விதிதான், ஆனால் தாளுக்குப் பயந்து யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்தாதவன் முகத்தில் அப்புறம் ஊர் விழிக்காது, அதற்குத்தான் பயம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வட்டாரத்தில் எந்திரத்திலிருந்து தெறித்த ஒரே ஒரு பொறி, மதியத்துக்குள் ஒன்பது வீடுகளையும் ஒரு மனிதனையும் கொண்டுபோயிருந்தது.

"குறிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கு," என்றான் லயல் பெட்ஷெல் வயர்லெஸ்ஸில். அவனுடைய பார்லியைத்தான் ரெய்லீன் ஏற்றிக்கொண்டிருந்தாள். டிராக்டர் இழுத்து வந்த தானியத் தொட்டியின் குழாய் லாரிக்கு மேல் நீண்டு, மணியைக் கொட்டிக்கொண்டிருந்தது. "நிறுத்தச் சொல்றதுக்குள்ள இந்த நடை கெளம்பிடணும். நாளைக்கு ஆலங்கட்டி மழைன்னு ரேடியோவுல சொல்றான்."

"போதும் லயல். விளிம்புவரைக்கும் வந்துடுச்சு."

"இன்னும் ஒரு வாய்."

"இதுக்கு மேல எடை தாங்காது. போன மாசம்தான் ஒரு தடவை மாட்டினேன். இன்னொரு தடவை மாட்டினா வண்டியை ஓரங்கட்டிடுவாங்க."

"தார்ப்பாயைப் போட்டு மூடினா யாருக்குத் தெரியும்? இந்த வெயில்ல இன்ஸ்பெக்டருங்க எந்த மரத்தடியில படுத்திருக்காங்களோ."

அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு வாய் கொட்டினான். லாரித் தொட்டியும் டிரெய்லரும் கூம்பாகக் குவிந்து நின்றன. ரெய்லீன் தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். கையுறையைப் பல்லில் கவ்விக்கொண்டு சுற்றி வந்தாள்.

டிரெய்லரின் இடது பக்கம் வெயிலைப் பார்த்து நின்றது. அங்கே எல்லாமே கொதித்தது: கதவு, கம்பி, தார்ப்பாயின் கொக்கி. கடைசிச் சக்கரத்தின் குடத்தில் புறங்கையை வைத்தாள், எடுத்தாள். நின்றாள். சட்டையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பக்கத்துச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் சுட்டது. இது கொஞ்சம் கூடுதலோ? வெயிலில் எது கூடுதல், எது குறைச்சல்? இத்தனை வருஷத்தில் அந்தக் கை முதல் முறையாக அவளைப் பார்த்து, எனக்குத் தெரியவில்லை என்றது.

"இன்னும் கும்பிட்டு முடியலையா ரெய்லீன்?" என்றான் லயல்.

"வர்றேன்," என்று ஏறி உட்கார்ந்தாள்.

தார்ச்சாலை மேற்கே நேராகப் போனது. காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தது. லாரியைச் சாலையில் வைத்திருக்கவே தோள் வலித்தது. வயர்லெஸ்ஸை அவள் லயலின் வயல் அலைவரிசையில் வைத்திருந்தாள். அறுவடை நாட்களில் அப்படித்தான், அவரவர் வயலுக்கு அவரவர் அலைவரிசை. சாலையில் போகிற வருகிறவர்கள் பேசிக்கொள்வதற்கு வேறொன்று உண்டு. அது இப்போது அவளுக்குக் கேட்காது.

எதிரே ஒரு வெள்ளை வண்டி வந்தது. தொலைவிலேயே முன்விளக்கை எரித்து அணைத்தது. மறுபடி எரித்து அணைத்தது.

அந்தச் சாலைகளில் எதிர்வண்டி விளக்கைப் போட்டால் அர்த்தம் ஒன்றுதான்: முன்னால் ஆள் நிற்கிறார்கள், ஜாக்கிரதை. கார்க்காரனுக்கு அது போலீஸ். சுமை ஏற்றிய லாரிக்கு எடை பார்க்கிற இன்ஸ்பெக்டர். ரெய்லீன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினாள், ஊர் வழக்கப்படி, நன்றி என்று. வெள்ளை வண்டி விர்ரென்று கடந்தது. அது ஆல்வினின் யூட் என்பது கடந்த பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை, கிழவருக்குள்ளும் ஒரு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த திருப்பத்தில் இடதுபக்கம் ஒரு மண்சாலை பிரியும். ஹார்னர் தோட்டத்து வழி. சுற்றுத்தான், ஆனால் எடை பார்க்கிறவர்கள் அங்கே வரமாட்டார்கள். வேகத்தைக் குறைத்து லாரியை அதில் திருப்பினாள்.

இருபுறமும் இன்னும் அறுக்காத கோதுமை, கம்பிவேலியைத் தொட்டுக்கொண்டு நின்றது. வேலிக்கும் சாலைக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். காற்று இப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. லாரி கிளப்பிய புழுதி பின்தங்காமல் கூடவே ஓடி வந்தது. கண்ணாடியில் புழுதியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"குறியைத் தாண்டிடுச்சு," என்றது வயர்லெஸ்ஸில் லயலின் குரல். "எல்லாரும் நிறுத்தியாச்சு. நல்லவேளை, நீ கெளம்பிட்டே."

அவள் பதில் சொல்லப் போனாள். அதற்குள் ஒரு வாசனை. புழுதிக்கு அந்த வாசனை கிடையாது. சலவைக்கூடத்தில் ஒருநாள் இயந்திரத்தின் ரப்பர்ப் பட்டை தேய்ந்து எரிந்தபோது வந்த வாசனை அது. கண்ணாடியைப் பார்த்தாள். புழுதிக்குள் கருநீலமாக ஒரு இழை, நூல் பிரிவது போலப் பிரிந்து பிரிந்து வந்தது.

வெயில் பக்கத்துச் சக்கரம்.

கால் தானாக பிரேக்குக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

"லயல், என் வண்டில தீ. டிரெய்லர் பேரிங் போயிடுச்சு."

"எங்க இருக்கே?"

"ஹார்னர் மண்ரோட்டுல."

வயர்லெஸ் ஒரு மூச்சு நேரம் இரைந்தது. லயலின் குரல் வேறு ஆளுடையது போல வந்தது. "அங்க ஏன் போனே? சரி. நிறுத்தாத. ரெண்டு பக்கமும் கோதுமை. நிறுத்தாத ரெய்லீன்."

"தெரியும்."

நிறுத்தினால் எரிகிற சக்கரம் புல்லின்மேல் நிற்கும். இந்தக் காற்றில் தீ அவளை முந்திக்கொண்டு ஹார்னர் வீட்டுக்குப் போய்ச் சேரும். ஓட்டினால் வழியெல்லாம் பொறி விழும். இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் அவள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், மற்றதில் பார்க்காமல் போகலாம், அதுதான் வித்தியாசம். சாலையின் முடிவில் உப்பேரி இருந்தது. குளிர்காலத்தில் ஒரு விரல்கடை தண்ணீர், மற்ற நாளெல்லாம் வெறும் வெள்ளைத் தரை. ஒரு புல் முளைக்காது. அங்கே போனால் எரியட்டும்.

வேகத்தைக் கூட்டினால் சக்கரம் கழன்று தனியாக ஓடும், எரிந்தபடியே கோதுமைக்குள் போகும். குறைத்தால் நேரம் போகும். அவள் கியரைத் தொடவில்லை. தொடைமேல் கிடந்த கையுறை நழுவிக் காலடியில் விழுந்தது. எடுக்கவில்லை. பின்னாலிருந்து இரும்பு இரும்பைத் தின்கிற சத்தம் இருக்கைவரை ஏறி வந்தது. ரோலண்டாக இருந்தால் இந்தச் சத்தம் தார்ச்சாலையிலேயே கேட்டிருக்கும் என்று தோன்றியது. வீட்டில் இந்நேரம் அவன் குளிர்ந்த ஆட்டுக்கறியை ரொட்டியில் வைத்துக்கொண்டிருப்பான் என்றும் தோன்றியது. பின்னால் என்ன நடக்கிறது என்று கண்ணாடியைப் பார்க்கவே கூடாது என்று ஒருமுறை முடிவு செய்தாள். உடனே பார்த்தாள். புழுதி மட்டும்.

உப்பேரியின் கம்பிக்கேட் மூடியிருந்தது. லாரி அதை ஒரு நாடாவைப் போல அறுத்துக்கொண்டு போனது. வெள்ளைத் தரை முதலில் தாங்கியது, பிறகு நொறுங்கியது. முன்சக்கரங்கள் புதைந்து லாரி மண்டியிட்டு நின்றது.

தீயணைப்பு உருளையோடு கீழே குதித்தாள். டிரெய்லரின் உள்டயர் எரிந்துகொண்டிருந்தது, சத்தமில்லாமல், சொந்த அடுப்பில் எரிவது போல. உருளையிலிருந்த வெள்ளைப் பொடி ஒரு பெருமூச்சு நேரத்தில் தீர்ந்தது. தீ படுத்தது, யோசித்தது, மறுபடி எழுந்தது. வெறுங்கையால் உப்புமண்ணை அள்ளி அள்ளி எறிந்தாள்.

"தள்ளி நில்லு! டயர் வெடிக்கும்."

ஆல்வினின் யூட் அறுந்த கேட் வழியாக வந்து நின்றது. பின்தட்டில் தண்ணீர்த் தொட்டியும் சின்ன பம்பும், அந்த ஊரில் டிசம்பரில் எல்லா யூட்டிலும் இருப்பது போல. அவர் ஓடவில்லை, அவருக்கு ஓடவும் வராது. குழாயை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்று அடித்தார். தண்ணீர் மெலிந்து வந்தது. தொட்டியின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அது தீர்கிற நேரத்தில் லயலின் வண்டி வந்தது, அதற்குப் பின்னால் ஹார்னர் ஆட்கள், பிறகு யார் யாரோ. எல்லோரிடமும் தண்ணீர் இருந்தது. கொஞ்ச நேரத்தில் டயர் இருந்த இடத்தில் ஒரு கரிய வளையமும், பிசுபிசுத்த கம்பிகளும் மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

ரெய்லீன் உப்பின்மேல் உட்கார்ந்தாள். ஆல்வின் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய புருவம் ஒன்று கருகியிருந்தது.

"உன் டிரெய்லருக்குப் பின்னால புகையைப் பாத்துட்டுத்தான் விளக்கைப் போட்டேன் கண்ணு."

"எடை பாக்கிறவங்க நிக்கிறாங்கன்னு நெனச்சேன்."

"நீ விரலைத் தூக்கினியே. சரி, புரிஞ்சுக்கிட்டா, நிறுத்திடுவான்னு நான் போயிட்டேன். கண்ணாடில பாத்தா மண்ரோட்டுல திரும்பறே. வயர்லெஸ்ல கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை போச்சு."

"நன்றின்னு சொல்லித்தான் விரலைத் தூக்கினேன்."

ஆல்வின் அந்தக் கரிய வளையத்தைப் பார்த்தார்.

"நன்றிக்கு ரொம்ப நன்றி," என்றார்.

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு என்னவாகவோ மாறி, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் குனிந்து அவளுடைய வலது கையைத் திருப்பிப் புறங்கையைப் பார்த்தார். கொப்புளம் எழும்பியிருந்தது. தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அதன்மேல் மெதுவாக ஊற்றினார்.

சாயங்காலம் லயல் தன் வண்டியில் அவளை வீட்டுக்குக் கொண்டுபோனான். அதே மண்சாலை. ஓரத்துப் புல்லில் கருகிய திட்டுகள் தெரிந்தன, தொப்பி அளவில் ஒன்று, கட்டில் அளவில் ஒன்று, இன்னொன்று வேலியைக் கடந்து கோதுமைக்குள் நாலெட்டு போய் நின்றிருந்தது. ஒவ்வொன்றின் விளிம்பும் இன்னும் ஈரம். ஆல்வினின் தொட்டியில் தண்ணீர் ஏன் அடியில் கிடந்தது என்று அவளுக்குப் புரிந்தது. லயல் வண்டியை மெதுவாக ஓட்டினான்.

"நான்தான் இன்னொரு வாய் கொட்டினேன்," என்றான் கடைசியில்.

"நான்தான் கை வச்சுப் பாத்துட்டு ஏறினேன்," என்றாள் அவள்.

ஆலங்கட்டி மழை வரவில்லை. காற்று இறங்கிய பிறகு லாரியை இழுத்து வெளியே எடுத்தார்கள். டிரெய்லரிலிருந்த பார்லியை லயலின் லாரிக்கு மாற்றி, இரண்டையும் சைலோவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருஷம் கடைசி மழை பொய்த்து, மணி சுருங்கிப்போயிருந்தது. தொட்டி குவிந்து நிற்கும், ஆனால் உள்ளே பாதி உமியும் காற்றும். இது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. எடை மேடையில் எண்கள் ஏறி ஏறி நின்றன. இரண்டு லாரியின் மணி எடையையும் கூட்டிப் பார்த்தார்கள். அவளுடைய சுமை, இன்னொரு வாய் கொட்டியும், அனுமதித்த எடைக்குக் கீழேதான் இருந்தது.