டப்பா மூடியில் ஒரு கொக்கு

சுனாமி வந்து மூன்றாவது வருஷம் எனக்குக் கல்யாணம். ஜப்பானில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டராக இருந்த அண்ணன், லீவில் வந்தபோது ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தான். கருப்பேற்றிய செம்பு மூடி. அதில் வெள்ளியில் பதித்த கொக்கு, அதன் காலடியில் தங்க நிறச் சாமந்தி. இறகெல்லாம் தனித்தனியாகத் தெரியும். அம்மா அதில் குங்குமம் நிரப்பிச் சீர்த்தட்டில் வைத்தாள்.

புகுந்த வீடு சிதம்பரத்துக்குக் கிழக்கே, உப்பங்கழி ஓரம். இரண்டு இறால் குட்டை வைத்திருந்தார்கள். நான் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஷோகேஸில் இருந்த டப்பாவைக் காணோம். முந்தின நாள்தான் நாத்தனார் வந்துவிட்டுப் போயிருந்தாள். அடுத்த முறை அவள் வந்தபோது என் கண் அவள் கைப்பையிலேயே இருந்தது. பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. தீவனம் எடுக்க மோட்டார் கொட்டகைக்குப் போன நான், காலிச் சாக்குக்குள் டப்பாவைப் பார்த்தேன். நேராக மாமியாரிடம் கொண்டுபோனேன்.

"இது எப்படி அத்த அங்க போச்சு?"

"நான்தான் வச்சேன். கொக்கப் போயி யாராவது சீரா குடுப்பாங்களா?"

அந்த மாதம்தான் ஒரு குட்டையில் வெள்ளைப்புள்ளி நோய் விழுந்து இறாலெல்லாம் செத்திருந்தது. பக்கத்துக் குட்டையில் செத்த இறாலைக் கொத்தி வந்து கொக்குதான் நம் குட்டையில் போடுகிறது என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள். அதை விரட்டத்தான் குறுக்கே கயிறு கட்டி, வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாமந்தி வேற. பொணத்துக்குப் போடுற பூவு."

"சாமிக்கும் அதத்தானே அத்த போடுறோம்?"

"ரெண்டுக்கும்தான் போடுறோம். உங்க வீட்ல எத நெனச்சுக் குடுத்தாங்களோ!"

அங்கேயே அண்ணனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கொக்கு எதற்கு என்று கேட்டேன்.

"ஜப்பான்ல கொக்குன்னா ஆயிரம் வருசம் வாழும்னு அர்த்தம். சாமந்தியும் ஆயுசுக்குத்தான். கல்யாணத்துக்கு ஆசையா குடுப்பாங்க" என்றான்.

"ஆயிரம் வருசமா? நம்ம எறால தின்னுட்டா?" என்றார் மாமியார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். மாமியார் சிரிக்கவில்லை. எனக்கே ஒரு சந்தேகம். பதில் சொல்லும் முன் அண்ணன் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்ததே, அப்போதுதான் கதை கட்டிச் சொன்னானோ?

மறுநாள் மாமியார் டப்பாவைத் தானே துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "கோச்சுக்காதம்மா. இது உங்க அம்மா ஊட்லயே இருக்கட்டும். எனக்குத் தூக்கம் வரல."

குட்டை போன துக்கத்தில் இருந்தவரிடம் நான் என்ன வாதாட? பஸ் ஏறி முதுநகரில் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சீர ஏண்டி திருப்பிக் கொண்டாந்த? உன்ன நல்லாதானே வச்சிருக்காங்க?"

கொக்கு, இறால், நோய் என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தைகூட அவள் நம்பவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், கொல்லைப்பக்கம் போய் என் வீட்டுக்காரருக்கு போன் போட்டாள்.

"மாப்ள, மறைக்காம சொல்லுங்க. என்ன சண்ட?"