லூர்துவுக்கு மட்டும் அடித்த கரண்ட்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை. கல்மண்டபத்தில், என் சகலை சேவியர் வீட்டு வாசலில் ஒரு விசித்திரம். ஒரே கதவு, ஒரே கைப்பிடி. சேவியர் தொட்டார், நான் தொட்டேன், என் மனைவி தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. லூர்து தொட்டபோது மட்டும் ‘சுருக்’கென்று இழுத்தது!

லூர்து என் மனைவியின் தங்கை. அவள் கணவர் சேவியர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கதவு எதன் கதவு என்கிறீர்களா? காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கேம்பிங் டிரெய்லர். உள்ளே படுக்கை, ஃபேன், குட்டி ஃப்ரிட்ஜ் – சக்கரம் வைத்த வீடு! விம்கோ நகரில் ஒரு வெல்டிங் பட்டறையில், லீவு நாளெல்லாம் கூடவே நின்று சேவியர் கட்டியது. முதல் பயணம் வேளாங்கண்ணிக்கு. இரண்டு குடும்பமும் கிளம்பத் தயார்.

அதற்குள் ஃப்ரிட்ஜ் குளிரட்டும் என்று வீட்டிலிருந்து ஒயர் இழுத்து டிரெய்லருக்கு கரண்ட் கொடுத்திருந்தார். முந்தின நாள் மழையில் தெரு ஈரம். லூர்து மீன் குழம்புத் தூக்கோடு வந்தாள். கதவைப் பிடித்தாள். தூக்கு கீழே உருண்டது.

“கரண்ட் அடிக்குது!”

சேவியர் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஏறிச் சுவரெல்லாம் தட்டிக் காட்டினார்.

“எங்க அடிக்குது? ஊருக்குப் போற பதட்டம். எல்லாம் உன் மனசுல கீது.”

“மனசுல அடிச்சா கை இன்னாத்துக்கு மரத்துப் போவுது?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “மாமா, நீங்களாவது சொல்லுங்க.”

நான் என்ன சொன்னேன்? “நைலான் புடவையில் சில சமயம் அப்படித்தான் பொறி தட்டும்” என்றேன். படித்தவன் அல்லவா... தப்பைக்கூட விளக்கத்தோடுதான் சொல்வேன்.

லூர்து வாதாடவில்லை. பிள்ளைகள் மூன்று பேரையும் வீட்டு வாசற்படியில் உட்கார வைத்தாள். “யாரும் வண்டியத் தொடக் கூடாது” என்றாள். போனை எடுத்தாள்.

கால் மணி நேரத்தில் ஸ்டெல்லா வந்தாள். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரிகளில் மோட்டார், ஒயரிங் வேலை பார்ப்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும். வந்தவள் வண்டியைப் பார்க்கவில்லை. லூர்துவின் காலைப் பார்த்தாள்.

“அக்கா, தொட்டப்போ செருப்பு போட்டுகினு இருந்தியா?”

“இல்லியே.”

சேவியர் காலில் ரப்பர் செருப்பு. என் காலில் ஷூ. என் மனைவியும் செருப்போடுதான் இருந்தாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றவள் லூர்து மட்டும்!

ஸ்டெல்லா ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டாள். பையிலிருந்து ஹோல்டரோடு ஒரு பல்பை எடுத்தாள். அதன் ஒரு ஒயரை டிரெய்லரின் இரும்புப் படியில் வைத்தாள். இன்னொன்றைத் தெருவிலிருந்த அடிபம்பில் வைத்தாள்.

பல்ப் எரிந்தது.

யோசித்துப் பாருங்கள்... ஒரு பக்கம் வண்டியின் உடம்பு, மறுபக்கம் பூமி. சற்று முன் லூர்து நின்ற இடத்தில் இப்போது பல்ப்!

“உள்ள ஏறிட்டா ஒண்ணும் தெரியாது அண்ணே” என்றாள் ஸ்டெல்லா. “வண்டி டயர் மேல நிக்குது. கால் தரையில, கை கதவுல – அப்பதான் ஆள இழுக்கும். புள்ளைங்க கடல்ல குளிச்சிட்டு ஈரத்தோட ஓடியாந்து புடிச்சிருந்தா?”

சேவியர் வாசற்படியில் இருந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்.

ஸ்டெல்லா வீட்டு ஒயரைப் பிடுங்கிச் சுருட்டித் தன் பையில் போட்டாள். “நான் சொல்ற வரைக்கும் யாருக்கும் இத்த தர மாட்டேன்.”

டிரெய்லரின் தரைப் பலகையைத் தூக்கினாள். ஃப்ரிட்ஜுக்குப் போகும் ஒயரை ஒரு ஸ்குரூ கடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் அதன் வழியே வண்டி முழுக்கப் பரவியிருக்கிறது. எர்த் இருந்திருந்தால் அப்போதே ஃபியூஸ் போய்க் காட்டிக்கொடுத்திருக்கும். நாங்கள் இழுத்ததோ இரண்டு கம்பி ஒயர். மூன்றாவதான பச்சைக் கம்பி இல்லவே இல்லை.

மூன்று மணி நேர வேலை. நசுங்கிய ஒயரை மாற்றினாள். வண்டியின் இரும்புச் சட்டத்தில் பச்சைக் கம்பியை நட்டுப் போட்டு முறுக்கினாள். மூன்று கம்பி ஒயரால் அதை வீட்டு எர்த்தோடு சேர்த்தாள். கசிவு தெரிந்ததும் கண் இமைப்பதற்குள் கரண்டை வெட்டும் ஈ.எல்.சி.பி. சுவிட்ச் ஒன்றும் பொருத்தினாள். நடுவில் சேவியர் ஒரே ஒருமுறை வாயைத் திறந்தார்.

“லேட் ஆவுதேம்மா...”

“மாதா எங்கியும் போவ மாட்டாங்க அண்ணே.”



கடைசியில் கரண்டைப் போட்டு, மறுபடி அதே பல்ப், அதே படி, அதே பம்ப். எரியவில்லை. அதன் பிறகும் ஸ்டெல்லா தன் செருப்பைக் கழற்றினாள். ஈரத் தரையில் நின்று, வெறுங்கையால் கைப்பிடியைப் பிடித்தாள். “அக்கா, இப்ப நீ வா.”

லூர்து போய்ப் பிடித்தாள். இழுக்கவில்லை. சேவியர் மெதுவாக, “நான்தான் நம்பல லூர்து... மன்னிச்சிடு” என்றார்.

“குழம்பு கொட்டிப் போச்சே, அதுக்கும் சேத்து கேளு.”

ஸ்டெல்லாவின் திறமையை யாரும் மெச்சுவார்கள். நான் வியப்பது வேறொன்றை. “நெசமாவே அடிச்சிதா?” என்று அவள் கேட்கவே இல்லை. எப்படி நின்றாய் என்றுதான் கேட்டாள். ஒருத்தர் வலிக்கிறது என்றால், நமக்கும் வலித்தால்தான் நம்புவோமா?

அன்று சாயங்காலம் வேளாங்கண்ணி போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தினோம். தோப்புக்காரர் அன்பாக ஒரு பிளக் பாயிண்ட் காட்டினார். எர்த் இருக்கிறதா என்று காட்ட ஸ்டெல்லா கொடுத்தனுப்பிய டெஸ்டரை அதில் செருகிப் பார்த்தார் சேவியர். எர்த் இல்லை.

“வேணாம் சகலை. ஃபேன் இல்லாமலே படுப்போம்.”

வேர்வை, கொசுக்கடி... விடிந்ததும் ஆளாளுக்குக் குறை சொன்னோம். குறை சொல்ல எல்லோரும் இருந்தோம்!