உப்புச் சாக்கில் பிறந்த முயல்கள்

நஜாத் உப்பளத்தில் வேலை செய்பவர். மாலையில் வரும்போது கிழிந்த சணல் சாக்குகளைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். களப்பு என்கிற கடல்நீரேரியின் ஓரத்தில், அவர்களுடைய தெருவில் உப்புச் சாக்கு இல்லாத வீடே கிடையாது. வேலிக்கு மறைப்பு அதுதான், கோழிக்கூட்டுக்குக் கதவும் அதுதான். நஜாத்தின் வீட்டில் படுக்கிற பாய்க்குக் கீழேயும் அதுவே கிடந்தது. சீமெந்துத் தரையின் குளிர் ஏறாது என்பது அவருடைய எண்ணம். ஆனாலும் காலையில் எழும்பும்போது முதுகைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவார்.

அவருடைய மனைவி ஸும்றா ஆட்களோடு அதிகம் கதைக்கமாட்டாள். எந்தக் கோழி எங்கே முட்டையை ஒளிக்கும் என்று கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டு எமிலியா அக்கா சிலாபத்திலிருந்து ஒரு சோடி முயல் கொண்டுவந்து கொடுத்த நாள் முதல், வேலை முடிந்ததும் அவள் கூட்டுக்கு முன்னால்தான் குந்தியிருப்பாள். வத்தாளைக் கிழங்குக் கொடியைப் போட்டால் தண்டை முதலில் தின்பது ஏன், ஒன்றுமில்லாததற்குக் காலால் தரையைத் தட்டுவது ஏன் என்று அவளுக்குள் கேள்விகள் ஓடும்.

பெட்டை முயல் முதல் தரம் சினையானபோது, ஒரு சாக்கை நன்றாகக் கழுவிக் காயவைத்து, குட்டி போடுகிற பெட்டிக்குள் விரித்துக் கொடுத்தாள். முயல் குட்டி போட்டது. மறுநாள் காலை பார்த்தால் எல்லாம் விறைத்துக் கிடந்தன.

தாய் கிட்டப் போகவே இல்லை, குட்டியில் பற்றில்லாத சாதி என்றார் நஜாத். இன்னொரு முறை இப்படி நடந்தால் அறுத்துக் கறியாக்குவதுதான் என்று சொல்லியும் வைத்தார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

ஆனால் ஸும்றாவுக்கு மனம் ஆறவில்லை. தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கிக் குட்டிக்கு மெத்தை போட்ட முயலுக்கா பற்றில்லை? பெட்டியைத் துப்புரவாக்கும்போது அந்த மயிர் நனைந்து திரண்டிருந்தது நினைவுக்கு வந்தது. மழை பெய்யவில்லை. மூத்திர வாடையும் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது ஈரம்?

முயல் மறுபடியும் சினையானது. ஸும்றா கழுவிக் காய்ந்த உப்புச் சாக்கில் ஒரு துண்டும், அரிசிச் சாக்கில் ஒரு துண்டும் வெட்டி, தாழ்வாரத்துக் கயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து தொட்டுப் பார்த்தாள். அரிசிச் சாக்கு மொரமொரவென்று இருந்தது. மற்றது பிசுபிசுத்தது. நாக்கில் வைத்தாள், கரித்தது.

நஜாத்திடம் இரண்டையும் நீட்டினாள்.

"கழுவித்தானே போட்டாய் புள்ள?" என்றார்.

"எந்தத் தண்ணியில கழுவினது?" என்று திருப்பிக் கேட்டாள் ஸும்றா.

நஜாத் கிணற்றைப் பார்த்தார். குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில் வருகிற ஊர் அது. கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம்கூட நுரைக்காது. உப்பை உப்புத் தண்ணீரில் கழுவியிருக்கிறார்கள். சாக்கில் தங்கிய உப்பு இரவெல்லாம் காற்றிலிருந்த ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது; குட்டிகளின் மெத்தையை நனைத்ததும் அதுதான்.

"சரி, பாப்பம்" என்றார். கறிப் பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை, கைவிடவும் இல்லை.

ஸும்றா பெட்டிக்குள் காய்ந்த தென்னந்தும்பு நாரைப் பிய்த்துப் போட்டாள். முயல் அதை வாய் நிறையக் கவ்வி, மீசை வைத்த ஆள்போல அங்குமிங்கும் அலைந்து கூடு கட்டியது. குட்டி போட்ட மறுநாள் விடியற்காலை ஸும்றா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். தாய் உள்ளே பாய்ந்தது, கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பால் கொடுத்தது, வெளியே வந்து ஒன்றும் நடக்காததுபோல முகம் கழுவியது. நாளுக்கு ஒரு தரம், அவ்வளவுதான் அதன் தாய்மை. அதனால்தான் கிட்டப் போகவில்லை என்று நஜாத்துக்குத் தோன்றியிருக்கிறது.

அவள் மயிரை மெல்ல விலக்கினாள். உள்ளே சூடு. வயிறு உருண்ட குட்டிகள் நெளிந்தன. நஜாத்தும் வந்து ஒரு விரலை உள்ளே விட்டு, எடுக்காமல் வைத்திருந்தார்.

"அப்ப நம்மட பாயிக்குக் கீழ கிடக்கிறது?" என்று கேட்டார்.

"அத, சாக்கத் தொட்டுப் பாத்த அண்டைக்கே எடுத்துட்டன்" என்றாள் ஸும்றா. "முதுகப் புடிக்காம எழும்புறீங்களே, அதையும் நாந்தான் சொல்லோணுமா?"