இரும்பும் இரும்பும் தொடக் கூடாது

சுடலைக்கு இரும்பு ஆகாது. ஜாதகத்தில் சொன்ன சங்கதி இல்லை, கம்பெனியில் சொன்னது. சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற ரூமில் வருசக்கணக்காக நிற்கிறவன் அவன். அங்கே கரண்டி மரம், சல்லடை பித்தளை, தரையில் ரப்பர் விரிப்பு. வாசலில் பதித்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்டை மண்ணுக்கு அனுப்பிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். பக்கத்து ரூமில் ஒருவன் இரும்பு ஆணியால் டப்பா மூடியை நெம்பியதைச் சுடலை ஒருதரம் பார்த்தான். அப்புறம் அந்த ரூமைப் பார்க்கவில்லை. ரூம் இருந்தால்தானே பார்ப்பதற்கு?

பாதுகாப்பு வாரத்தில் கம்பெனி அவனுக்கு ‘பாதுகாப்புச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்து, ஒரு வாளியும் கொடுத்தது. பிளாஸ்டிக் வாளி. இரும்பில் கொடுத்தால் வாங்க மாட்டான் என்று கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது.

அவன் மனைவி மாரிசெல்விக்கு ரெண்டு கிட்னியும் வேலைநிறுத்தம். வாரத்துக்கு மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். அவளுக்கு விழுந்தது விடிகாலை முறை. முதல் பஸ் போய்ச் சேர்வதற்குள் மெஷினில் ஆள் மாறிவிடும். ஆட்டோ கட்டுப்படியாகாது. ஆக, அவளையும் மெஷினையும் சேர்த்து வைப்பது சுடலையின் பழைய பைக் ஒன்றுதான். கிக்கர் இல்லாத வண்டி, பட்டனை அமுக்க வேண்டும், இல்லையென்றால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அந்தப் பட்டனோ ரெண்டு மாசமாக ‘டிக்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மௌன விரதம் பிடிக்கிறது.

“பேட்டரிதாம்லே. வேற என்ன?” என்றான் டீக்கடை வெள்ளைத்துரை. புது பேட்டரி வந்தது. ஒரே வாரத்தில் அதுவும் படுத்தது.

“அப்போ ரெகுலேட்டர். நான் அன்னைக்கே சொன்னேன்ல?” என்றான் அதே வெள்ளைத்துரை.

சொல்லவே இல்லை. இருந்தாலும் சுடலை, பேட்டரிக்குக் கரண்டை அளந்து விடுகிற அந்த ரெகுலேட்டரும் வாங்கினான், தன் கையாலேயே மாட்டினான். மெக்கானிக் இரும்பு ஸ்பேனரை வண்டியில் டங்கென்று போடுகிற சத்தம் அவனுக்கு ஆகாது. வண்டி மசியவில்லை. ஹெட்லைட் கரண்டைத் தின்கிறதென்று அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, முன்னால் போகிற லாரியின் வெளிச்சத்தைக் கடன் வாங்கி விருதுநகர் போனான். ராத்திரியானால் பேட்டரியைக் கழற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜர் மாட்டுவான்.

“எனக்கும் ஒங்க வண்டிக்கும் ஒரே சீக்குதான்” என்பாள் மாரிசெல்வி. “ரெண்டு பேருக்கும் சொந்தமா ஒண்ணும் ஓடல, வெளிய சொருவித்தான் ஓட்டணும்.”

இந்தச் செவ்வாய்க்கிழமை வண்டி நாலுவழிச் சாலையில் நின்றது. அவளைப் பின்னால் நடக்கவிட்டுத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். போய்ச் சேர்ந்தபோது அவள் கட்டிலில் வேறொருத்தர் படுத்திருந்தார். புதன்கிழமை அவள் முகம் ஊதிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே இருந்தாள். இன்னொரு முறை தவறினால் நெஞ்சில் தண்ணீர் ஏறிவிடும் என்று செவ்வாய்க்கிழமையே டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் வியாழன். சுடலை வேறு வழியில்லாமல் சாத்தூர் மெக்கானிக் கமாலுதீன் பாய்க்கு போன் போட்டான்.

சாயங்காலம் பாய் மீட்டரோடு வந்தார். வண்டியை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தார்.

“பன்னெண்டரை வோல்ட்டு... பன்னெண்டே கால்... எறங்குது பாருங்கண்ணே. ஆக்ஸிலேட்டர முறுக்குனா பதினாலு பக்கம் ஏறணும்.” இன்ஜினிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார். “காயில் சுத்தமா இருக்கு. கரண்ட் உற்பத்தி ஆவுது, பேட்டரிக்கு வந்து சேரல.”

“ரோடு காண்ட்ராக்ட்டு மாதிரின்னு சொல்லுங்க” என்றாள் சுவரில் சாய்ந்திருந்த மாரிசெல்வி, மூச்சு வாங்கிக்கொண்டே.

“ரெகுலேட்டர் புதுசு பாய்” என்றான் சுடலை.

பாய் சீட்டைக் கழற்றினார். ஒரு ஒயர்த் துண்டை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை ரெகுலேட்டரின் உடம்பிலும் வைத்தார். ‘சுருக்’ என்று சின்னதாக ஒரு பொறி. சுடலை ஒரே தாவலில் கோழிக்கூண்டைத் தாண்டிப் போய் விழுந்தான். மீட்டர் பதினாலைத் தொட்டது.

பாய் ரெகுலேட்டருக்கு அடியில் விரலை விட்டு எதையோ இழுத்தார். ரப்பர் விரிப்புத் துண்டு வந்தது.

“என்னண்ணே இது?”

“இரும்பும் இரும்பும் தொடக் கூடாதுல்ல பாய்... நாந்தான் வச்சேன்.”

“போல்ட்டு எங்க?”

“அதுவும் இரும்புதான? பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டிட்டேன். பழைய ரெகுலேட்டருக்கு வச்சது, ரெண்டு மாசம் இருக்கும். புதுசையும் அது மேலயே கட்டினேன்.”

பாய் ரப்பர் துண்டைக் கீழே போட்டார். “இந்த வண்டியில ரெகுலேட்டருக்குத் தனியா எர்த் ஒயர் கெடையாதுண்ணே. அது உடம்பு வண்டியோட இரும்புச் சட்டத்தத் தொட்டுக்கிட்டு இருக்கணும், அப்பத்தான் கரண்ட் பேட்டரிக்குப் போவும். நீங்க மட்டும் தெனம் செம்புத் தகட்டைத் தொட்டுட்டு வேலைக்குப் போறீக, அதுக்கு ஏன் மெத்தை போட்டு வச்சிருக்கீக?”

சட்டத்தில் இருந்த பெயின்ட்டைச் சுரண்டப் பாய் அரத்தை எடுத்ததும் சுடலை அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “அரம் வேண்டாம் பாய். பொறி பறக்கும்.”

“இங்கன என்ன மருந்தா இருக்கு? பறந்தா என்னண்ணே?”

சுடலை பிடியை விடவில்லை. வீடு அது, கம்பெனி இல்லை என்று அவனுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

மாரிசெல்வி சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள். “இங்க குடுங்கண்ணே, நான் தேய்க்கேன்.” நீட்டியது இடது கை. மெஷின் ஊசிக்காக ஆபரேஷன் பண்ணி, நரம்பு கயிறாகப் புடைத்திருக்கிற கை. அந்தக் கையில் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க அவன் விட்டதில்லை.

சுடலை பாயின் கையை விட்டான். குனிந்து உள்ளங்கையைத் தரையில் ஒருதரம் பதித்துவிட்டு, அரத்தைத் தானே வாங்கிக்கொண்டான். முதல் இழுப்புக்குக் கண்ணை இறுக்கி மூடினான். கறக்கென்றது. வீடு அப்படியே இருந்தது. இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தான். பாய் இரும்பு போல்ட்டை வைத்து முறுக்கி, பிடுங்கிப் போட்ட ஹெட்லைட் ஒயரையும் மாட்டினார்.

வியாழன் விடிகாலை ஹெட்லைட்டோடு போனார்கள். அவளை உள்ளே விட்டுவிட்டு வந்து, உருட்டிக் கிளப்புவதற்காக ரெண்டு மாசமாக மேட்டிலேயே நிறுத்தி வந்த வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினான். அணைத்தான். பட்டனை அமுக்கினான், ஸ்டார்ட் ஆனது. அணைத்தான். மறுபடி அமுக்கினான்.

“ஏலே, பேட்டரி தீந்துரும்லே” என்று வாட்ச்மேன் சத்தம் போட்டார்.

வெயில் ஏறியபிறகு மாரிசெல்வி வந்தாள். முகம் வற்றியிருந்தது. கையில் புதுப் பஞ்சு ஒட்டியிருந்தது.

“ஏறிருச்சா?” என்றாள், வண்டியைப் பார்த்து.

“பதினாலு. ஒனக்கு?”

“சனிக்கிழம வரைக்கும் தாங்கும்” என்று சொல்லி, பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.