நாடகத்துப் பிணத்துக்கு ஒரு மாலை

செம்பூர்ப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டி இருக்கிறது. அங்கே சாயங்காலங்களில் சினிமா காட்டுவார்கள், யாராவது வந்து பேசுவார்கள், சில நாள் நாடகம், சில நாள் ஆட்டம். டிக்கெட் கிடையாது. தெருவில் போகிறவர்களும் உள்ளே போய் உட்காரலாம். முதலில் கேள்விப்பட்டபோது தாராவியில் எங்கள் சந்தில் ஒருத்தரும் நம்பவில்லை. "சும்மா எவன் ஏசி போடுவான்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. போட்டிருந்தார்கள். நல்ல குளிர். நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு அமுங்கியது. நான் பார்த்த முதல் படத்தில் ஒரு கிழவர் மாட்டை ஓட்டிக்கொண்டு பனியில் நடந்துகொண்டே இருந்தார். என்ன பாஷையோ தெரியாது. மாடு நல்ல மாடு. முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரியின் மருமகள் எழுதுகிறாள். ஊரில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண். நான் ஒரு விதமாகச் சொன்னால் இவள் புத்தகத்தில் இருக்கிற விதமாகப் போடுகிறாளாம். போடட்டும்.

என் மகளுக்கு அந்த யுனிவர்சிட்டியில்தான் வேலை. நாற்காலி போடுவது, வருகிறவர்களை உட்காரவைப்பது, பேச்சு முடிந்து கேள்வி கேட்கிறவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய் நீட்டுவது. புருஷன், கைக்குழந்தையோடு வீடு திலக் நகரில். கூட்டம் சேராது என்று தோன்றினால் எங்கள் சந்துக்குப் போன் பண்ணுவாள். எனக்குப் பண்ண மாட்டாள், பக்கத்து வீட்டுக்காரிக்குப் பண்ணுவாள். "சித்தி, எல்லாரும் வாங்க. அங்க இருக்கவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்பாள். அங்கே இருக்கவங்க என்றால் நான்.

அவள் அப்பா போன நாளிலிருந்து இப்படித்தான்.

அவருக்குக் குர்லாவில் லேத் பட்டறையில் வேலை. மழைக்காலம். வேலை முடிந்து வந்தார், டீ குடித்தார், கொஞ்சம் படுக்கிறேன் என்றார். பிறகு எழுந்திருக்கவில்லை. நான் அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தேன். ஆட்கள் வந்தார்கள். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வந்தவர்களுக்கு டீ போட டம்ளர் போதாது என்று அடுத்த வீட்டில் கேட்டு வாங்கினேன். வாசலில் அவரைக் கிடத்தி, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது. அது ஒரு மூலையில் ஒழுகியது.

மகள் அழுது அழுது தொண்டை கட்டிப்போய் என் முன்னால் வந்து நின்றாள். "ஒரு சொட்டு விட்டியாம்மா நீ? எங்கப்பாவுக்கு ஒரு சொட்டு?"

"தார்ப்பாய் ஒழுகுது ஏட்டி. அவரு மேல விழுது" என்றேன்.

எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அழுகை வரும் என்றுதான் நானும் இருந்தேன். காடாத்து முடிந்தது, பதினாறு முடிந்தது. வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், தொட்டால் கைக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அந்த மாதிரி. சோறு தின்றேன், தூங்கினேன், சீரியல் பார்த்தேன். மகள் பேசாமல் இருப்பது மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி இருந்துகொண்டே இருந்தது. போய்ச் சமாதானம் சொல்லலாம் என்றால் என்ன சொல்வது? அழுதேன் என்று பொய்யா சொல்ல முடியும்?

இப்படி இருக்கையில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி போனும் கையுமாக வந்தாள்.

"ஏ அக்கா, நாளைக்கு எழவு வீடாம்."

"யாரு?"

"நாடகத்துலதான். உங்க மவ சொன்னா. ஒரு எழவு வீட்டுல நடக்குத கதையாம். ஆளுக நெறைய வரணுமாம்." கொஞ்சம் யோசித்தாள். "மாலை வாங்கணும்."

"நாடகத்துக்கா?"

"எழவுன்னு சொல்லி ஆளு கூப்புட்டுருக்கா. வெறுங்கைய வீசிட்டுப் போவ முடியுமா? நம்ம புள்ள வேல பாக்குத எடம். நாலு பேரு ஒண்ணு சொல்லிரப்புடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். அவள், அவளுடைய நாத்தனார், நான், மூன்று பேரும் தலையில் பூ வைக்காமல் கிளம்பினோம். மாட்டுங்கா மார்க்கெட்டில் இறங்கிப் பெரிய ரோஜா மாலையாக வாங்கினோம். பூக்காரர் நம் ஊர்க்காரர். "யாரும்மா தவறிட்டா?" என்று கேட்டார். "தெரிஞ்ச எடம்" என்றாள் அவள். கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறினால், மாலையைப் பார்த்துவிட்டு ஒரு மராட்டிக்காரப் பெண் எழுந்து இடம் விட்டாள். நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு அது அழுகை மாதிரி இருந்திருக்கும். எனக்கு ஜன்னல் பக்கம் கிடைத்தது. காற்று நன்றாக வந்தது.

சயானில் டிராபிக். போய்ச் சேர்ந்தபோது நாடகம் தொடங்கியிருந்தது. அன்றைக்கு மேடை இல்லை. தரையில் சுற்றிச் சுற்றி ஜனம் உட்கார்ந்திருக்க, நடுவில் வெள்ளைத் துணி போர்த்தி ஒரு ஆள் கிடந்தார். பக்கத்தில் மகனாக நடிக்கிற பையன் யாரிடமோ போனில் ஹிந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் செருப்பை விட்டாள். நேரே நடந்து போனாள். மகன் பாதி வசனத்தில் வாயை மூடினான். இவள் குனிந்து மாலையைப் போட்டாள், காலைத் தொட்டுக் கும்பிட்டாள், "கால் பெருவெரல கட்டவே இல்லையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பின்னாலேயே நாத்தனார். மாலையின் ஈரம் பட்டதோ என்னவோ, பிணத்தின் வயிறு ஒரு குலுங்கு குலுங்கியது. அப்புறம் பார்த்தால் உட்கார்ந்திருந்த ஒரு காலேஜ் பெண் எழுந்து வந்து காலைத் தொட்டாள். அவளுக்குப் பின் ஒரு தாடிக்காரர். பிறகு வரிசையே கட்டிவிட்டார்கள். மகனாக நடித்தவன் கெட்டிக்காரன், வந்த ஒவ்வொருவரையும் பார்த்துக் கைகூப்பினான்.

நான் மட்டும் போகவில்லை. சுவரோரம் நின்றேன். எதிர்ச் சுவரில் மைக்கோடு மகள் நின்றாள். அவள் பிணத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

நாடகம் முடிந்து விளக்குப் போட்டார்கள். டைரக்டர் சின்ன வயசு, குடுமி போட்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தார். எல்லாரிடமும் ஒவ்வொன்று கேட்டுவிட்டு என்னைக் கைகாட்டினார். ஹிந்தி வராது என்று நினைத்திருப்பார் போல, உங்கள் பாஷையிலேயே பேசுங்கள் என்றார். அந்த இடத்தில் தமிழ் தெரிந்து மைக் வைத்திருந்தது ஒரே ஒருத்தி.

அவள் வந்து பக்கத்தில் நின்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எல்லாரும் போனாங்க, நீங்க போகல. அங்க நின்னப்ப என்ன தோணுச்சுன்னு கேக்காரு."

"ஒண்ணும் தோணல."

"குச் நஹி லகா" என்றாள் மைக்கில். சிலர் சிரித்தார்கள்.

டைரக்டர் விடவில்லை. உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அது புரிந்தது. மகள் தமிழில் சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு போனாரு. அன்னைக்கும் இப்படித்தான் ஓரமா நின்னேன். அழுவ வரல. பாலு பொங்கிருமேன்னு இருந்துச்சு. டம்ளர் பத்தாதேன்னு இருந்துச்சு. அவரு மேல மழ ஒழுகுதே, நனையுதாரேன்னு இருந்துச்சு. அவரு போயிட்டாருன்னு மட்டும் உள்ள எறங்கவே இல்ல."

அவள் அதை ஹிந்தியில் சொல்ல வேண்டும். 'நான் அழவில்லை' என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். எனக்கும் ஹிந்தி காதில் விழும், இத்தனை வருஷம் தாராவியில் மீன்காரியோடு மல்லுக்கு நிற்பவள். கவனித்துக்கொண்டே நின்றேன். ஒன்றையும் விடவில்லை அவள். பால் சொன்னாள், டம்ளர் சொன்னாள். மழை வந்ததும் நின்றாள். அவள் மூச்சு மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு அதையும் சொன்னாள்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். மைக்கை இறக்க மறந்துவிட்டாள்.

"இன்னமுமாம்மா?"

"இன்னமும்தான்."

"அபி பி" என்று ஜனங்களிடம் சொன்னாள். ஒருத்தரும் கை தட்டவில்லை. தட்டியிருந்தால் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

வெளியே டீ. நான் இரண்டு டம்ளர் குடித்தேன். வாசலில் நின்று டைரக்டர் எல்லாரையும், மறுபடி வாருங்கள், மறுபடி வாருங்கள் என்று வழியனுப்பினார். என்கூட வந்த இரண்டு பேரும் வாய் திறக்காமல் அவரைக் கடந்து போனார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது. "எழவு வீட்டுல வாரேன்னு சொல்ல மாட்டாங்க சார்" என்று மகள் ஹிந்தியில் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பின்னால் ஓடி வந்தாள். பையை மாட்டியிருந்தாள்.

"அம்மா, வீட்டுக்கு வா."

பக்கத்து வீட்டுக்காரி குறுக்கே வந்தாள். "எழவுக்குப் போயிட்டுக் குளிக்காம இன்னொரு வீட்டுக்குள்ள நொழைஞ்சிரப்புடாது ஏட்டி. பச்சப்புள்ள இருக்குத வீடு."

"செத்தவரு இப்பதான் சமோசா தின்னுட்டு இருந்தாரு சித்தி."

"தின்னா தின்னுட்டுப் போறாரு. மாலை போட்டாச்சுல்லா."

"சரி. வாசல்லயே நிறுத்தி, நேரா பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன். போதுமா?"

அப்படியே செய்தாள். பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் மக்கால் மொண்டு என் தலையில் ஊற்றினாள். அவள் மூக்கு சிவந்திருந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. தண்ணீர் மட்டும் வழிந்தது.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லாம்மா."

"என்னத்த?"

"உள்ள எறங்கலன்னு."

"அழுதியான்னுதான நீ கேட்ட."

முதுகைத் தேய்த்தாள். அழுத்தித்தான் தேய்த்தாள். பிறகு தலைக்கு ஷாம்பு போட்டாள்.

"கண்ண மூடிக்கோ. எரியும்" என்றாள்.

மூடிக்கொண்டேன்.