கவரில் பட்ட கறை

கங்கம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று கவரப்பேட்டைப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். எதற்காகக் கோபப்பட்டாள் என்பதை யாரும் சேர்த்துச் சொன்னதில்லை. அது சொன்னவர்களுக்கு வசதியாக இருந்தது.

முதல் கதை நடவு வயலில் நடந்தது. அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆன புதிது. வரப்பில் குடை பிடித்து நின்ற கணக்குப்பிள்ளை, குனிந்து நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டதற்கு, வாயில் வந்ததைப் பேசினார். திட்டு வாங்கியவள் தலை குனிந்துகொண்டாள். கங்கம்மா நிமிர்ந்தாள். கையிலிருந்த நாற்று முடியை அவர் வெள்ளை வேட்டிமேல் சேறோடு விட்டெறிந்தாள். அன்றோடு அந்த வயல் போயிற்று. அடுத்த ஊர் வயல்காரர்களுக்கும் சேதி போய்விட்டது. "வாய வெச்சிக்கினு சும்மா இருக்கக் கூடாதா?" என்று அவள் புருசன் ஆதிகேசவன் கேட்டான். "வாயே தொறக்கலியே, கைதான் போச்சி" என்றாள்.

ரயில் ரோட்டை ஒட்டி நிலங்கள் ஷெட்டுகளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆதிகேசவன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனான். கங்கம்மா கொஞ்ச நாள் செங்கல் சூளையில் கிடந்துவிட்டு, எழுபதாம் வருஷ வாக்கில் கும்மிடிப்பூண்டியில் துளசிராமன் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள்.

துளசிராமன் திருவள்ளூர்க்காரர். நெற்றியில் நாமம், சட்டைப் பையில் சாமி படம், பேச்சில் எப்போதும் தேன். யுத்தகாலத்து மோட்டார் சைக்கிள்களை மிலிட்டரி ஏலத்தில் மொத்தமாக எடுத்து, பிரித்து, புதிது போலாக்கி விற்பது அவர் தொழில். பழைய வண்டியின் மேல் பைத்தியம் பிடித்த பணக்காரர்கள் மெட்ராஸில் இருந்தார்கள். அவர்களுக்கு என்ஜினின் பக்கவாட்டு மூடிகள், பட்டறையில் எல்லோரும் கவர் என்பார்கள், அவை வெள்ளித் தட்டு போல மின்ன வேண்டும். ஆனால் வந்து சேரும் கவரோ கன்னங்கரேலென்று இருக்கும். அடியில் மிலிட்டரிப் பச்சை, அதன்மேல் யாரோ அடித்த கறுப்பு, அதற்கும் மேல் வேறு யாரோ அடித்த வெள்ளிப் பெயிண்ட், எல்லாவற்றின் மீதும் என்ஜின் சூட்டில் வெந்து இறுகிப்போன எண்ணெய்.

இரும்புச் சாமானாக இருந்தால் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டு எடுத்துவிடலாம். கவர் அலுமினியம். காஸ்டிக் அதைத் தின்றுவிடும். அதனால் அதைப் பெண்கள் கையில் கொடுத்தார்கள். டின்னில் வரும், பெயிண்டை இளக்கும் ரிமூவரைப் பிரஷ்ஷால் தடவி, காயாமல் இருக்க வாழை இலையைப் போர்த்தி வைப்பார்கள். இலையை எடுத்தால் பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்து நிற்கும். கீறல் விழும் என்பதால் கத்தி ஆகாது. மூங்கில் சிம்பால் வழித்து, மூலை முடுக்குகளில் விரலை விட்டே தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு தடவையில் ஒரு பூச்சுதான் போகும். பச்சைப் பூச்சு சனியன். அது நாலு தடவை தடவினாலும் அசையாது.

கங்கம்மாவுக்கு அந்த வேலை கைவந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும், அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. அடியிலிருந்து வெள்ளை உலோகம் எட்டிப் பார்க்கும்போது அவள் முகத்தில் ஒரு திருப்தி வரும். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் அஞ்சம்மாள், "யக்கா, கவரப் பாத்தாத்தான் நீ சிரிக்கிற" என்பாள்.

கை போனது மெதுவாகத்தான். முதலில் எரிச்சல். பிறகு தோல் உரிந்தது. நகக்கண் வெடித்தது. ரிமூவர் பெயிண்டுக்கும் தோலுக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. இரண்டாம் வருஷத்தில் விரல்கள் தடித்து, இடுக்குகளில் நீர் வடிய ஆரம்பித்தது. மிளகாய் அரைக்க முடியவில்லை. சோறு பிசைய முடியவில்லை. கஞ்சியைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாள். ஆதிகேசவன் ராத்திரிச் சாப்பாட்டைக் கடையிலேயே முடித்துக்கொண்டு வரத் தொடங்கினான். தெருவில் ஒரு கல்யாணம் வந்தது. காய் நறுக்க உட்கார்ந்தவளை, கல்யாண வீட்டுக்காரி தோளைத் தொட்டு, "நீ போயி சும்மா குந்திக்கோ கங்கம்மா" என்று எழுப்பிவிட்டாள். எழுப்பிவிட்டவளின் பார்வை அவள் விரல்கள்மேல் இருந்தது. இரண்டு கையை நம்பி ஒரு காலத்தில் ஊர் முழுக்க நட்டவள், இப்போது முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு பந்தியின் கடைசியில் உட்கார்ந்தாள். அந்தக் கோபத்தை அவள் யார்மேல் காட்டுவது?

பொன்னேரி ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு களிம்பைக் கொடுத்துவிட்டு, ரப்பர் உறை போடாமல் அந்த ரிமூவரைத் தொட்டால் விரல் மடங்காமலே போய்விடும் என்றார். கை மடங்காவிட்டால் பிழைப்பு இல்லை. கங்கம்மா நேராகத் துளசிராமனிடம் போய் நின்றாள்.

"மொதலாளி, ரப்பர் ஒறை வோணும். எனக்கும் அஞ்சம்மாவுக்கும்."

"ஒறையா? ஒறை போட்டுக்கினா விரல்ல தெரியாதேம்மா. எங்க பெயிண்ட் ஒட்டிக்கினு கீதுன்னு விரல்தான சொல்லணும்? அப்புறம் பச்சை பச்சையா உட்டுருவீங்க."

"விரலே இருக்காதுன்னு டாக்டர் சொல்றாரு."

துளசிராமன் எழுந்து வந்தார். அவள் கையைப் பார்த்தார், தொடவில்லை. உச்சுக் கொட்டினார். "இது ரிமூவர்னால வர்ல கங்கம்மா. ஒடம்புல கீற சூடு. தோல் கோளாறுக்கு எங்கூர் பெருமாளை வுட்டா ஆளே கெடையாது. அமாவாசைக்குப் போயி குளத்துல வெல்லம் கரைச்சிட்டு வா. வெல்லம் எப்படிக் கரையுதோ அப்படியே புண்ணும் கரைஞ்சி பூடும்." அன்று சாயங்காலம் ஒரு அச்சு வெல்லத்தைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அவள் கையில் போட்டார். மேலேயிருந்து போட்டார். விரல் பட்டுவிடக் கூடாதே.

கங்கம்மா அதை அவர் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருக்க வேண்டும். நாற்று முடியை எறிந்தவள்தானே! ஆனால் அவள் போனாள். நம்பிக்கையோடுதான் போனாள், அதைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்துப் பொருமினாள். அவள் அம்மாவும் அந்தக் குளத்தில் வெல்லம் கரைத்தவள்தான். பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூர் போய், தை அமாவாசைக் கூட்டத்தில் இடிபட்டு, படியில் இறங்கி வெல்லத்தைத் தண்ணீரில் போட்டாள். புண்ணில் தண்ணீர் பட்டு உயிர் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டி முழுசும் கரைகிறவரை கையை எடுக்கவில்லை.

திரும்பி வந்தால் பட்டறை பூட்டிக் கிடந்தது. கரண்ட் வெட்டு. மெருகு போடும் மோட்டார் ஓடாமல் வேலை இல்லை என்று ஒரு வாரத்துக்கு மேல் மூடிவிட்டார்கள். அந்த நாட்களில் அவள் கை ஆறியது. புதுத் தோல் வந்தது. ஆதிகேசவன் வீட்டில் சாப்பிட்டான், ரசம் நன்றாக இருப்பதாகவும் சொன்னான். தெருவே பெருமாளைக் கும்பிட்டது. கங்கம்மாவும்தான் கும்பிட்டாள். பட்டறை திறந்த அன்று துளசிராமன் அவள் கையை எல்லோருக்கும் காட்டினார். "நான் சொன்னனா இல்லியா?"

பிறகு அவள் டின்னைத் திறந்தாள். சனிக்கிழமைக்குள் விரல் மறுபடி வெடித்துவிட்டது.

அப்போதுதான் அவளுக்குப் புத்தியில் உறைத்தது. ஆற்றியது குளம் இல்லை, பூட்டு. வேலை இல்லாமல் இருந்த நாட்கள்தான் ஆற்றின. இதைச் சொன்னபோது துளசிராமனின் தேன் கொஞ்சம் வற்றியது. "பக்தி பத்தல. மனசுல கோவத்த வெச்சிக்கினு கரைச்சா எப்படிக் கரையும்? அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் போ." மறுபடி ஒரு அச்சு வெல்லம். கங்கம்மா அதை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் பானகம் கரைத்து, தானும் குடித்து, அஞ்சம்மாளுக்கும் கொடுத்தாள். "சாமிக்குத் தெரியும்டி, இது அவருக்கு அனுப்புனது இல்ல, நம்ம வாய அடைக்க அனுப்புனது" என்றாள்.

அதற்கப்புறம் மாசம் தவறாமல் கேட்டாள். கேட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தாள். துணி ரிமூவரைக் குடித்து இன்னும் மோசமாகச் சுட்டது. அவிழ்த்துப் போட்டாள். அஞ்சம்மாளின் விரல்களும் வெடிக்கத் தொடங்கின. அவள் சின்னப் பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு அழுவாள். கங்கம்மா அழவில்லை. வயிறெரிந்தாள்.

எழுபத்து நாலில், வெயில் காலத்தில், மெட்ராஸிலிருந்து ஒருவர் கார் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு முழு என்ஜினுக்கு உண்டான கவர்கள் அவருக்காகத் தயாராக இருந்தன. துளசிராமன் குழைந்துகொண்டே ஒன்றை எடுத்து நீட்டினார். வந்தவர் அதை வெயிலில் திருப்பினார். முகம் சுளித்தார். உரித்து மெருகு போட்ட அலுமினியம் பச்சை உடம்பு மாதிரி, எது பட்டாலும் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் பழுப்பாக நாலு விரல் பதிந்திருந்தது. மெருகு போட்டபின் எடுத்து அடுக்கிய கங்கம்மாவின் புண்ணிலிருந்து வடிந்த நீர் காய்ந்து, தேய்த்தும் போகாமல் ஏறியிருந்தது.

"என்ன சார் இது? யாருக்காவது வியாதியா? இதை நான் எப்படித் தொடுவேன்?" கவரை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சரிசெய்து வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கங்கம்மா எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் துடைத்துக்கொண்டதையும் பார்த்தாள், துளசிராமன் கூனிக் குறுகியதையும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் ரப்பர் உறை வந்தது. கறுப்பாக, தடியாக, முழங்கை வரை நீளமாக இரண்டு ஜோடி. இத்தனை நாள் கேட்டுக் கிடைக்காதது ஒரே ராத்திரியில் வந்துவிட்டது. துளசிராமன் அதை மேஜைமேல் போட்டார்.

"இந்தாங்க. இதப் போட்டுக்கினு வேல செய்ங்க. இனிமேங்காட்டி ஒரு கவர்லகூட கறை படக் கூடாது, சொல்லிட்டேன்."

அஞ்சம்மாள் எழுந்து போய் ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கங்கம்மா எழுந்திருக்கவில்லை.

"மொதலாளி, இது எங்க கைக்கா, ஒங்க கவருக்கா?"

"எதுக்கா இருந்தா இன்னாம்மா? கேட்ட, வந்திருச்சி. போட்டுக்கோ."

அவள் எழுந்து வந்தாள். அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுந்தாள், அவளும் பிழைக்க வேண்டியவள். வலது கையை நுழைத்தாள். தடித்துப்போன விரல்கள் பாதியோடு நின்றுவிட்டன. அழுத்தினாள். தோல் ரப்பரில் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது உறையோடு சேர்ந்து தோலும் வந்தது. துளசிராமன் வேறு பக்கம் திரும்பி, "பாத்து, பாத்து. புதுசு, கிழிச்சிடாத" என்றார்.

கங்கம்மா உறையை மடித்து, கிழியாமல், இருந்த இடத்திலேயே வைத்தாள். சுவரோரம் அந்த மெட்ராஸ்காரருக்காக முந்தின ராத்திரியே திரும்ப மெருகு போட்ட கவர்கள் வரிசையாக நின்றன. அவற்றின் அருகில் போனாள். ரத்தமும் நீருமாக இருந்த இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முதல் கவரில் அழுத்தி வைத்தாள். அடுத்ததிலும் வைத்தாள். அவசரப்படவில்லை. ஒவ்வொன்றிலும் பத்து விரலும் பதிகிற மாதிரி, பண்டிகைக்குச் சுவரில் அரிசி மாவுக் கை பதிக்கிறவள் போல, ஒன்றுகூட விடாமல் வைத்துக்கொண்டு போனாள்.

"ஏய்! இன்னா பண்ற? பைத்தியமா ஒனக்கு?" துளசிராமன் கத்தினார். கிட்டே மட்டும் வரவில்லை.

"ஒங்க கவர் நல்லா வெளுத்துச்சி மொதலாளி. வெளுக்க வெச்ச கை இதுதான். வர்றவங்களுக்குக் காட்டுங்க."

அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். அந்த வேலை போயிற்று என்று அவளுக்கும் தெரியும். வீட்டில் ஆதிகேசவன் என்ன சொல்வான் என்றும் தெரியும். அஞ்சம்மாள் உறை போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஈரம் காய்ந்து கறை ஏறுவதற்குள் துடைத்தாக வேண்டும். துளசிராமன் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினார். முதல் கவரின் எதிரே குனிந்தவர், அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்து அப்படியே நின்றார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. திரும்பி மேஜையைப் பார்த்தார். மடித்து வைத்திருந்த உறையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். அவர் கைக்கு அது தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. கங்கம்மா வாசலில் நின்று, அவர் இரண்டு கையிலும் அதை மாட்டி முடிக்கிறவரை பார்த்துவிட்டு, பிறகுதான் ரோட்டில் இறங்கினாள்.