லாத்தாவின் உடம்பு ஏற்றுக்கொண்டது

சட்டைக் கையை மேலே மடித்துவிட்டு, இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று மச்சான் டாக்டரிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. லாத்தா என்று நான் அழைத்த என் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகியிருந்தன. தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க அவள் கணவரான மச்சான் முன்வந்தார். புனே பக்கம் நிக்டியில் தான் வேலை பார்த்த ஆலையில் நீண்ட விடுப்புக்கும் சொல்லிவிட்டிருந்தார். ஆனால் லாத்தாவின் உடம்பு அவருடையதை ஏற்காது என்று பரிசோதனை சொல்லிவிட்டது.

டாக்டர் மராத்திக்காரர். பொறுமையாக இந்தியில் விளக்கினார். பிள்ளையில் பாதி தகப்பனுடையது. தாயின் உடம்புக்கு அது அந்நியப் புரதம். ஆனாலும் கர்ப்ப காலத்தில், உடம்பைக் காவல் காக்கும் டி செல்களில் ஒரு வகை அந்த அந்நியத்தை அடையாளம் கண்டு, தாக்க வரும் மற்ற செல்களை அடக்கி வைக்கிறது. பிறகு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, சில பெண்களின் ரத்தத்தில் கணவனின் புரதத்துக்கு எதிர்ப்பு தங்கிவிடும். லாத்தா மூன்று பிள்ளை பெற்றவள்.

வெளியே வந்ததும் மச்சான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன வருசம் கூட இருந்தும் நான் ஒனக்கு அந்நியந்தானா?"

லாத்தா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒங்க புள்ளைகளச் சுமக்கும்போது அடங்கிக் கெடந்த ஒடம்புதான். இப்ப நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. என்ன செய்ய?"

அடுத்து என்னைச் சோதித்தார்கள். வாப்பாவிடமிருந்து வந்த பாதி இருவருக்கும் ஒன்றாக இருந்தது; உம்மாவிடமிருந்து அவளுக்கு வராத பாதி எனக்கு வந்திருந்தது. உம்மாவின் வயிற்றில் இருந்தபோதே லாத்தாவின் உடம்பு அந்தப் பாதியையும் பொறுத்துக்கொள்ளப் பழகியிருக்கலாம் என்றார் டாக்டர்; உறுதியாகச் சொல்ல முடியாது, உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை மட்டும் அவள் விடவே கூடாது என்றார். உம்மா அப்போது உயிரோடு இல்லை. என் மனைவி பயந்து அழுதாள். ஆனாலும் கையெழுத்திட வேண்டாம் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

என் சிறுநீரகம் லாத்தாவுக்குள் வேலை செய்தது. மூத்தவளுக்கு நிக்காஹ் முடித்தாள், பேரனைத் தூக்கினாள். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. அந்த செல்களைப் போல எதை அடக்குவது, எதை விடுவது என்ற அறிவு மாத்திரைக்கு இல்லை. மொத்தத்தையும் அடக்கும். கிருமியோடு போராட அவள் உடம்பில் தெம்பு இல்லாமல் போயிற்று.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் மச்சான் கபரஸ்தானை விட்டு நகரவில்லை. நான் குடையோடு போய் நின்றேன்.

"ஒன் ஒடம்புல ஒரு பங்கையும் சேத்துல்ல மண்ணுல வச்சுட்டோம்" என்றார்.

"அது என்னோடது இல்ல மச்சான். கடைசி நாள் வரைக்கும் நல்லா வேல செஞ்சுதுன்னு டாக்டர் சொன்னாரு. அது லாத்தாவோடது."

அவர் தலையசைத்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் மண்ணில் மெல்ல நடந்து வந்தார்.